ராகுகாலத்தில் ஒரு டிரேட் டெஸ்ட்

கல் நகரவில்லை

வெள்ளிக்கிழமை, மணி பத்தே முக்கால். சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டில் ஒரு ஜின்னிங் மில்லுக்குப் பின்னால் உள்ள காலி இடம். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு இடம் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டு, செங்கல் அடுக்கி, கலவை குழைத்து, தண்ணீர் வாளியும் வைத்தாயிற்று. பன்னிரண்டு கொத்தனார்களும் கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேப்பமர நிழலில் நிற்கிறார்கள். ஒருவர்கூடக் கோட்டுப் பக்கம் வரவில்லை.

எதிரே வெயிலில், வளைகுடாவிலிருந்து வந்த கம்பெனி இன்ஜினியர் இப்ராஹிம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஸ்டிரைக்கா?" என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"நோ சார்" என்றேன். அதற்கு மேல் ஓடவில்லை. பி.ஏ. வரை படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆனால் ராகுகாலத்துக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆள் எடுக்கும் முறை

எங்கள் ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுவதால், முறையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டுக் கம்பெனிக்கு நம் ஊர் ஆட்கள் வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, பம்பாயில் உள்ள தனியார் ஏஜெண்ட். இன்னொன்று, சென்னையில் உள்ள நம் அரசாங்க ஆபீஸ். நம்மிடம் வருகிற கம்பெனி முதலில் டிமாண்ட் லெட்டர் தர வேண்டும். என்ன வேலை, எத்தனை பேர், என்ன சம்பளம், வயது எவ்வளவு, டெஸ்ட்டுக்கு எவ்வளவு நேரம் என்று எல்லாம் அதில் இருக்கும். அதோடு பவர் ஆஃப் அட்டர்னி, காண்ட்ராக்ட் மாதிரி, விசா நகல். அந்த நாட்டில் உள்ள நம் தூதரகம் முத்திரை போட்டால்தான் செல்லும். பிறகு நாம் பதிவில் உள்ளவர்களைக் கூப்பிட்டு, வேலையைச் செய்து காட்டச் சொல்லி டிரேட் டெஸ்ட் வைப்போம். கம்பெனியின் ஆள் நேரில் வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார். மெடிக்கல், எமிக்ரேஷன் கிளியரன்ஸ், கடைசியில் டிக்கெட். டிக்கெட் கம்பெனியின் பொறுப்பு. தொழிலாளியிடம் யாரும் கமிஷன் என்று கை நீட்டக் கூடாது.

காகிதத்தில் பார்த்தால் அழகான முறை. கொத்தனார்கள் என் ஊர்ப் பக்கத்தில் கிடைப்பார்கள் என்று நான்தான் மேனேஜரிடம் சொன்னேன். "உன் ஊர்தானே, நீயே போய் நடத்து. இந்த ஆர்டர் சரியாக முடியவில்லையென்றால் அந்தக் கம்பெனி பம்பாய்க்குப் போய்விடும், ஞாபகம் வைத்துக்கொள்" என்று அனுப்பினார்.

டெஸ்ட் வைத்திருந்தது வியாழக்கிழமை காலையில். இன்ஜினியர் வந்த கார் ராஜபாளையம் தாண்டி ரேடியேட்டர் கொதித்து நின்று, பழுது பார்க்க ஒரு நாள் ஆகிவிட்டது. அவர் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குமேல். மாலை மதுரையில் அவருக்கு பிளேன். நடுவில் ஜும்ஆ தொழுகை. டெஸ்ட் என்றால் ஆளுக்கு ஒரு சுவர், சொன்ன உயரத்துக்கு, இரண்டு மணி நேரத்தில் கட்ட வேண்டும். உடனே ஆரம்பித்தால் எல்லாம் நடக்கும். இல்லையென்றால் ஒன்றும் நடக்காது.

மாடசாமி அண்ணாச்சி

கொத்தனார்களுக்கு மாடசாமி அண்ணாச்சி சொல்வதுதான் சொல். கரிவலம்வந்தநல்லூர்க்காரர். நான் அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, அவரு திரும்பிப் போயிட்டாருன்னா அவ்வளவுதான். ஆர்டரே போயிரும்."

"தெரியுது தம்பி. பன்னெண்டு மணிக்கு இறங்குதோம்."

"பன்னெண்டுக்கு இறங்குனா எப்படி முடியும்?"

"அதுக்கு நான் என்னடே செய்ய? வெள்ளிக்கெழம பத்தரைல இருந்து பன்னெண்டு. இந்த நேரத்துல புதுச் செவருக்கு எவன் மொதக் கல்லு வைப்பான்? உங்க அய்யா வீட்டுக்கே நாங்க வைக்க மாட்டோம்."

பக்கத்தில் நின்ற சிவகிரி பையன் ஒருவன் சிரித்தான். "ஆபீசரு காலேசுல படிச்சிட்டாரு. அவருக்கு ராகு கிடையாது, கேது கிடையாது. எல்லாம் கெசட்டுல போட்டாத்தான்."

"சும்மா கெடலே" என்று அண்ணாச்சி அவனை அதட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

அவர் முன்பே ஒரு தடவை வெளிநாட்டுக்கென்று கிளம்பியவர். பம்பாய் ஏஜெண்ட் ஒருவன் லாட்ஜில் பல மாதம் உட்கார வைத்துவிட்டு ஒருநாள் காணாமல் போய்விட்டான். அந்தப் பயணத்துக்கு இவர் ஊரில் பஸ் ஏறியது வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு.

"அந்த ஏஜெண்ட் திருடன் அண்ணாச்சி. நேரம் என்ன செய்யும்?"

"அவன் திருடன்தான், நான் இல்லன்னு சொல்லுதேனா? ஊருல எத்தனையோ நல்ல ஏஜெண்டும் இருக்கான்லா. என்னைய அந்தத் திருடன் கையில கொண்டு போயிச் சேத்தது எது? அதச் சொல்லு."

டிமாண்ட் லெட்டரில் வயது வரம்பு நாற்பது. அவருக்கு முப்பத்தொன்பது முடியப் போகிறது. இன்னொரு ஆர்டர் வருவதற்குள் வரம்பைத் தாண்டிவிடுவார். இரண்டு பெண் பிள்ளைகள். போக வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் அவரைப் போல ஆசைப்பட்டவர் யாரும் கிடையாது. மாட்டேன் என்று அவரைப் போலப் பிடிவாதமாக நின்றவரும் கிடையாது.

மைதீன் சொன்ன கணக்கு

அரபி பேசுவதற்காகக் கடையநல்லூரிலிருந்து மைதீன் அண்ணாச்சியைக் கூட்டி வந்திருந்தேன். எட்டு வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். அவர் நடுவில் வந்து நின்றார்.

"என்னவே மாடசாமி, ராகுகாலம் முடியாம நீரு இறங்க மாட்டீரு. பாங்கு சொல்லிட்டா இவரு நிக்க மாட்டாரு. ரெண்டுக்கும் நடுவுல அரை மணி நேரம் கெடக்கு. அரை மணி நேரத்துல செவரு கட்டுதவன் எவனும் இருந்தா சொல்லும், நானே கூட்டிட்டுப் போயி வேலை குடுக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். யாரும் நகரவில்லை.

மைதீன் அண்ணாச்சி இன்ஜினியரிடம் போய் அரபியில் ரொம்ப நேரம் பேசினார். இன்ஜினியர் முகம் முதலில் சுருங்கியது, பிறகு கொஞ்சம் விரிந்தது. மைதீன் அண்ணாச்சி அவருடைய கேள்வி ஒன்றோடு எங்களிடம் திரும்பி வந்தார்.

"இவரு கேக்காரு, ஏற்கெனவே ஆரம்பிச்ச வேலைய ராகுகாலத்துல பாக்கலாமா கூடாதான்னு."

"அது பாக்கலாம்" என்றார் மாடசாமி அண்ணாச்சி. "தெனமும் பாக்கத்தான செய்யுதோம். ஆரம்பந்தான் கூடாது."

இதைக் கேட்டதும் இன்ஜினியர் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கரண்டி கேட்டார்.

ஒருவரும் கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் கொத்தனார் தன் கரண்டியை இன்னொருவர் கையில் லேசில் தரமாட்டார். கடைசியில் மாடசாமி அண்ணாச்சி தன்னுடையதைத் துடைத்துக் கொடுத்தார்.

இன்ஜினியர் முதல் கோட்டுக்குப் போய்க் குந்தினார். கலவையை அள்ளி விரித்தார். கல்லை வாளியில் முக்கி எடுத்து வைத்து, கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு தட்டினார். எழுந்து அடுத்த கோட்டுக்குப் போனார்.

"கை ஓடுது பாருலே" என்றது ஒரு குரல்.

நான்காவது கோட்டுக்கு அவர் போகும்போது, முதல் கோட்டில் ஆள் உட்கார்ந்து இரண்டாவது கல்லை வைத்துவிட்டார்.

"மொதக் கல்லு அவரு வச்சது. ராகு வந்து கேட்டா அவர்ட்டதான் கேக்கணும்" என்றான் சிவகிரி பையன். அவனும் ஓடிப் போய்த் தன் கோட்டில் உட்கார்ந்தான்.

பன்னிரண்டாவது கோடு

பன்னிரண்டாவது இடம் மாடசாமி அண்ணாச்சியுடையது. கல் வைத்து முடித்துவிட்டு இன்ஜினியர் கரண்டியை நீட்டினார். அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். ஆனால் உட்காரவில்லை. மற்ற பதினோரு சுவரும் வரிவரியாக ஏறிக்கொண்டிருந்தன. அவர் அந்த ஒற்றைக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டாயப்படுத்தவும் முடியாது. டெஸ்ட்டுக்கு வருவதும் வராததும் அவர் விருப்பம் என்று நம் விதியிலேயே இருக்கிறது.

ஒருவழியாகக் குனிந்து, கல் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து மைதீன் அண்ணாச்சியிடம் கேட்டார்.

"இவரு இன்ஜினியரா, கொத்தனாரா?"

மைதீன் கேட்டுச் சொன்னார். "இவரு அந்த நாட்டுக்காரரே இல்லையாம்வே. எகிப்துலேர்ந்து அங்கன வேலைக்குப் போனவராம். அப்பா கொத்தனாராம். காலேசு போற வரைக்கும் இவரும் அப்பா கூடக் கல்லு வச்சிருக்காராம்."

"நெனச்சேன்" என்றார் மாடசாமி அண்ணாச்சி. "கொத்தனாரு வீட்டுக் கைதான் ஆரம்பிச்சு வச்சிருக்கு. அப்ப சரி."

உட்கார்ந்தார். நான் உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். மற்றவர்களுக்கும் அவருக்கும் இருபது நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம்.

தொழுகை தொடங்க இன்னும் நேரம் இருந்ததால், பாங்கு சொன்ன பிறகும் இன்ஜினியர் கொஞ்ச நேரம் நின்றார். மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம் முடிந்ததும் சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்து, மூலைமட்டம் வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது சுவரில் இன்னும் மூன்று வரி பாக்கி. உதட்டைப் பிதுக்கினார்.

நான் முன்னால் போய் நின்றேன். தயங்கித் தயங்கித்தான் இங்கிலீஷ் வந்தது. "சார், ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்பது உங்கள் டிமாண்ட் லெட்டரில் உள்ள விதி. மொத்தமாக இத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று அதில் இல்லை. இவர் ஆரம்பித்த நேரத்தை நான் குறித்து வைத்திருக்கிறேன். இவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது."

அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ இங்கேயே நில். நேரம் முடிந்தவுடன் கரண்டியை வாங்கி வைத்துவிடு. நான் தொழுதுவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு மைதீன் அண்ணாச்சியோடு பள்ளிவாசலுக்குப் போனார்.

மாடசாமி அண்ணாச்சி தலை நிமிரவே இல்லை. மற்ற பதினோரு பேரும் சுற்றி நின்றார்கள். நேரம் முடிந்ததும் நான் கை நீட்டினேன். கடைசிக் கல்லின் மேல் பிதுங்கிய கலவையை வழித்துவிட்டு, கரண்டியை என் கையில் கொடுத்தார்.

திரும்பி வந்த இன்ஜினியர் தூக்குக்குண்டைப் பிடித்தார். நூல் சுவரோடு ஒட்டி நின்றது. "பாஸ்" என்றார். அன்றைக்கு ஒன்பது பேர் தேறினார்கள். சிவகிரி பையன் தேறவில்லை. அவன் சுவர் வயிறு தள்ளியிருந்தது.

காண்ட்ராக்ட் வாசித்த நாள்

கையெழுத்துக்கு முன்னால் காண்ட்ராக்டைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது நம் ஆபீஸ் வழக்கம். அவசரத்தில் இதை யாரும் விட்டுவிடாதீர்கள். சென்னையில் ஒன்பது பேரையும் பெஞ்சில் உட்கார வைத்து ஒவ்வொரு ஷரத்தாக வாசித்தேன். சம்பளம், தங்குமிடம், வைத்தியம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். "வேலை நேரம், வெயில் காரணமாகக் காலை ஆறு மணிக்கு ஆரம்பம்" என்று வாசித்ததும் மாடசாமி அண்ணாச்சி, "நிறுத்து தம்பி" என்றார்.

விரல் விட்டு எண்ணினார். திங்கள் ஏழரை, சனி ஒன்பது, வெள்ளி பத்தரை, புதன் பன்னிரண்டு என்று ஏழு கிழமையும் எண்ணி முடித்து, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஏலே, ஆறு மணிக்கு ஆரம்பிச்சா எந்தக் கெழமையும் ராகு குறுக்க வராதுலே. போடுங்க கையெழுத்த."

இது நடந்து சில வருஷம் ஆகிறது. நான் படித்துக்கொண்டது ஒன்றுதான். கம்பெனிக்கு என்ன வேண்டும் என்று கேட்க நம்மிடம் ஃபாரம் இருக்கிறது. போகிறவருக்கு என்ன வேண்டும் என்பதை வாய் திறந்துதான் கேட்க வேண்டும். ஆகவே ஆள் கேட்டு வருகிற கம்பெனி எதுவானாலும், காலையில் எத்தனை மணிக்கு வேலை ஆரம்பம் என்று நான் முதலிலேயே விசாரித்துவிடுவேன்.

"சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் இதை எதற்கய்யா கேட்கிறாய்?" என்றார் மேனேஜர் ஒருநாள்.

"ஆறு மணி என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் ஆள் பிடிப்பது சுலபம் சார்" என்றேன்.