போர்வைத் திருடன்

விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் அவருக்குப் 'போர்வைத் திருடன்' என்று பெயர். எதிரில் 'அண்ணே' என்பார்கள், முதுகைத் திருப்பினால் இதுதான். பறக்கப்போகும் நாய் பூனைகளைக் கூண்டோடு வாங்கி, சோதித்து, வண்டியில் இழுத்துப்போய் விமானத்தில் ஏற்றுவது அவர் வேலை. கூண்டின் மேல் ஒரு கைக்குட்டை கிடந்தாலும் உருவிவிடுவார். கொண்டுவந்தவர்களிடம் பேசுகிற தோரணையைப் பார்த்தால், செல்லப்பிராணியை இல்லை, கைதியை ஒப்படைக்க வந்திருக்கிறார்கள் என்றே தோன்றும்.

"தூக்க மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"பயப்படுமேன்னு பாதிதான் குடுத்தோம்..."

"அப்ப நாளைக்கு வாங்க. மயக்கத்துல கெடக்குற நாய் வெயில்ல எப்படி மூச்சு வாங்கும்? கிண்ணத்துல தண்ணிய உறைய வச்சு எடுத்துட்டு வாங்க, சிந்தாம மெதுவா உருகும். மத்தியான விமானம் வேணாம், விடியக்காலைல போற விமானமாப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். மூக்குக்கு மேல் கோபம் அவருக்குப் பிறவிக்குணம் ஒன்றுமில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கொட்டகையிலேயே இளகின மனசுக்காரர் அவர்தான். அந்த மனசுதான் கெடுத்தது.

அன்று வந்தவர் ஒரு தையற்காரம்மா, அறுபதைத் தாண்டியவர். கணவர் போய்ச் சேர்ந்தபிறகு, தனியாகக் கிடக்க வேண்டாம், வந்துவிடு என்று வெளிநாட்டு மகன் கூப்பிட்டிருந்தான். கூடவே புறப்பட்டது ஒரு சப்பை மூக்கு நாய். அதற்குப் பெயரே கடைக்குட்டி.

"பெத்தது ஒண்ணு, இது ரெண்டாவது. செல்லம் இவனுக்குத்தான் அதிகம், மகன்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி" என்று சிரித்தார்.

தன் பழைய உடைகளை வெட்டி ஒட்டுப்போட்டு, கூண்டுக்கு ஓர் உறை தைத்திருந்தார். அளவு அப்படிப் பொருந்தியது. முன்கதவுக்கு மட்டும் திறப்பு, பக்கத்துக்கு நாலு பித்தான். கூண்டின் பக்கவாட்டில் இருந்த காற்றுத் துளைகள் அத்தனையும் மூடிப்போயிருந்தன.

"இத எடுத்துடணும்மா. காத்து போகாது."

"முன்னாடி தெறந்துதானே இருக்கு? என் வாசனை இருந்தா பயப்பட மாட்டான். ரெண்டு நாளா ஒக்காந்து தச்சேன் தம்பி."

கூண்டை மூடக்கூடாது என்ற விதி இவருக்குத் தெரியாததா? ஆனாலும் ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப்போன அந்த விரல்களைப் பார்த்ததும் வாய் வரவில்லை. ஏற்றும்போது கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பிராணிகளைக் கடைசியாகத்தான் ஏற்றுவார்கள். நிழலிலிருந்து விமானம்வரை ஐந்து நிமிஷம், அதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது?

பாழாய்ப்போன அந்த மத்தியானம் பார்த்து விமானத்தின் சரக்குக் கதவு சிக்கிக்கொண்டது. தரையின் சூடு பூட்ஸைத் தாண்டிக் காலைச் சுட்டது. "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்று கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியைத் திருப்பிக் கொட்டகைக்கு ஓட்டியிருக்கலாம், ஓட்டவில்லை. உறையின் பித்தானில் கையை வைத்த நேரம், கதவைத் தள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போய்விட்டார். இருபது நிமிஷம் கழித்து வந்தபோது நாயின் இரைப்புச் சத்தம் நின்றிருந்தது. சமர்த்தாகத் தூங்குகிறான் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அதை நினைத்தால் இன்றும் தன்னைத்தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

உறையைப் பிய்த்தெடுத்தார், தண்ணீரை ஊற்றினார், தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினார். பிராணி மருத்துவர் வந்து பார்த்து, வெயில் என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த அம்மாவை விமானத்திலிருந்து இறக்கிக் கூட்டிவந்தார்கள். அவர் அழவில்லை. தரையில் உட்கார்ந்து நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் இவர் அந்த அம்மா எதிரில் போய் நின்றார்.

"இந்த உறை கடைசிவரைக்கும் மேலயே இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சும்மா. அதுதான்..."

"அப்பாடா." அப்போதுதான் அந்த அம்மாவுக்குக் கண்ணீர் வந்தது. "நான் பக்கத்துலயே இருக்கேன்னு நெனச்சிருப்பான்."

மிச்சம் இவர் தொண்டையைத் தாண்டவில்லை. தாண்டியிருந்தால் அந்தக் கை இனி ஊசியைத் தொடுமா?

மறுநாள் புறப்படும்போது அந்த அம்மா உறையை மடித்து இவர் கையில் கொடுத்தார். "பயந்துகிட்டு வர்ற குட்டிங்க யாருக்காச்சும் போத்தி விடுங்க."

அது இவருடைய இரும்பு அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது. ஒருமுறைகூட வெளியே எடுத்ததில்லை. வருஷம் தவறாமல் மகன் வீட்டிலிருந்து அந்த அம்மா போன் செய்வார். இந்த வருஷம் செய்தபோது இவர் ஒரு பூனைக்கூண்டின் போர்வையை உருவிவிட்டு, "உங்களுக்கு ஈவிரக்கமே கெடையாதா?" என்று பூனைக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நம்ம உறை ஒழைக்குதா தம்பி?"

"ஒழைக்குதும்மா. இப்பக்கூட ஒரு பூனைக்குப் போத்தியிருக்கேன்."

"பயப்படாம இருக்கா?"

"நல்லாத் தூங்குதும்மா."

"எட்டு வருஷமாச்சே, நைஞ்சிருக்கும். கண்ணு முன்னமாதிரி தெரியல, இருந்தாலும் புதுசா ஒண்ணு தச்சு வச்சிருக்கேன். இந்தத் தடவ இன்னும் கச்சிதமா வந்திருக்கு. அனுப்பட்டுமா?"

உருவிய போர்வை இவர் கையிலேயே இருந்தது.

"அனுப்புங்கம்மா" என்றார்.