இன்னொரு ஆறு

வெல்டருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் இருபத்தாறு வருடமாகப் பின்தொடர்ந்த பையனுக்கோ இன்னும் மீசையே முளைக்கவில்லை. தமிழில் வந்துகொண்டிருந்த ஜப்பானியப் படக்கதைப் பையன் அவன். ஓர் ஆறு எங்கே பிறக்கிறது என்று பார்க்கக் கிளம்பியவன், ஐந்து கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு கரையோரமாக நடந்துகொண்டே இருந்தான். வியாழக்கிழமைதோறும் வரும் வார இதழில் இருபது பக்கம் நடப்பான். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டான்.

"இந்தப் பொம்மைப் புத்தகத்தக் கட்டிக்கிட்டு அழறதுக்கு என்னை எதுக்குக் கட்டிக்கிட்டீங்க?" என்று மனைவி கேட்காத வியாழன் கிடையாது. பட்டறையிலும் அவருக்குப் 'பொம்மை' என்றே பெயர். மனிதர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி, புகைக்கு நடுவே குந்தி உட்கார்ந்து பற்றவைக்கிறவருக்கு, வாரத்தில் ஒரு சாயங்காலமாவது காற்றோட்டமான ஆற்றங்கரை வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை மூன்றாம் நாளே போய்விட்டது. அந்த வாரமும் பையன் நடந்தான்; அந்த வாரமும் இவர் இதழைப் பிரித்தார். அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

தொட்டிப் புகை சும்மா விடுமா? நுரையீரலைத் தின்று தீர்த்தது. சர்க்கரை வந்து கண்ணையும் பறித்துக்கொண்டது. மூக்கில் குழாய், கட்டிலருகே இரைந்துகொண்டே இருக்கும் ஆக்சிஜன் இயந்திரம். "இனிமே வாரக்கணக்குலதாம்மா சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

ஆகவே அவளே படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அந்த இதழ் நம் புத்தகத்துக்கு நேர் எதிர். வலது பக்கத்திலிருந்துதான் தொடங்கும். முதல் நாள் அவள் பதிலை முன்னாலும் கேள்வியைப் பின்னாலுமாகப் படித்துவைக்க, அவர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு பழகிவிட்டது. கட்டிலில் பக்கத்திலேயே உட்கார்ந்து, இதழை அவர் மடியில் விரித்துவைத்துப் படிப்பாள். புரட்டும் தாள் ஒவ்வொன்றும் இடமிருந்து வலமாக அவர் விரலை உரசிக்கொண்டு போகும். மூன்றாவது வாரத்தில், பேருந்தில் போகும்போது அந்தப் பையனை நினைத்து அவளே கவலைப்பட்டாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த வியாழன் இதழில் கதை இல்லை. படம் வரைகிறவருக்கு உடம்பு சரியில்லை, மறுபடி எப்போது என்று சொல்ல இயலாது என்று நான்கு வரி. வீட்டில் இவரோ, "அவன் போய்ச் சேர்றானான்னு மட்டும் தெரிஞ்சா போதும்மா. நிம்மதியா கண்ண மூடிருவேன்" என்கிறார்.

அவள் மருந்துத் தொழிற்சாலையில் பாட்டில் பார்க்கிறவள். வெளிச்சப் பலகை முன்னால் ஓடும் பாட்டில்களில் தூசு தும்பு இருந்தால் எடுத்துவிட வேண்டும். கண் பாட்டிலைப் பார்க்க, மனம் கதை கட்டியது. தொழிற்சாலையில் கொடுத்த பாதுகாப்புக் கையேடும் இதழின் அதே கனம். அதை எடுத்து அவர் மடியில் விரித்தாள். இரண்டு வியாழன் பையனை மலை ஏற்றினாள். மூன்றாவது வியாழன், "பாறை இடுக்குலேருந்து தண்ணி சொட்டுது. பையன் ரெண்டு கையாலயும் ஏந்திக் குடிக்கிறான். அவ்வளவுதாங்க, முற்றும்" என்று முடித்தாள்.

அவர் முகம் மலரும் என்று பார்த்தாள். மலரவில்லை.

"அப்போ அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் என்னங்க? அதான் முடிஞ்சிருச்சே."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். இரண்டு நாளாக ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமை தட்டைக் கழுவும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை போன வாரத்தில் இவர் ஏன் இதழைப் பிரித்தார் என்பதும் சேர்ந்தே உறைத்தது. அவருக்கு முடிவு எப்போதுமே வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருந்த ஒரே அடுத்த வாரத்தையும் அவளே பிடுங்கிவிட்டாள்.

ஞாயிறு காலை கையேட்டோடு போய் உட்கார்ந்தாள். "என்னங்க, கடைசியில ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, நான் கவனிக்கல. பாறைக்குப் பின்னால இன்னொரு ஆறு ஓடுதாம்." தாளைப் புரட்டினாள்.

அவர் கை நீண்டு வந்து அவள் கையைப் பிடித்தது. "மூணு வாரமா தப்பான பக்கத்துலேருந்து புரட்டிக்கிட்டு இருக்கே."

அவள் உடைந்துபோய் அழுதாள். "உங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க."

"அது கெடக்கட்டும். அந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

மூக்கைச் சிந்திக்கொண்டே யோசித்தாள். "அது வியாழக்கிழமைதான் தெரியும்."

அன்று அவராகவே பசிக்கிறது என்றார்.

திங்களும் செவ்வாயும் வெளிச்சப் பலகை முன்னால் அவள் வேறெங்கோ இருந்தாள். தூசு விழுந்த இரண்டு பாட்டில்களைத் தப்பவிட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். புதன் மதியத்துக்குள் இருபது பக்கமும் தயார். எந்த இடத்தில் நிறுத்தி அவரைத் தவிக்கவிடுவது என்பது உட்பட. சந்தோஷமாகவே இருந்தாள் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரம்மா போன் செய்தாள்.

வியாழக்கிழமை வீடு நிறைய ஆட்கள். இயந்திரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள். பட்டறைக்காரர்கள், "நம்ம பொம்மை போயிட்டான்" என்று வாசலில் நின்று அழுதார்கள். அவள் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, இந்தமுறை வலது பக்கத்திலிருந்து திறந்து, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஆறு கிழக்கே ஓடுகிறது. அவரிடம் சொல்வதற்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.