சிவப்பு மையில் நான் எழுதிய இரண்டு வரி

இந்த மாதம் முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தபால்காரர் மணி அடித்தால் வாசலுக்கு ஓடினேன்; அடிக்காவிட்டாலும் ஓடினேன். எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்துக்காக!

பழைய வாசகர்களுக்கு எங்கள் மழைக் கோஷ்டியைத் தெரியும். புதியவர்களுக்காக – பாலக்காட்டில் கணக்கு வாத்தியாரான நான், மீனாட்சிபுரத்துப் பால் சொசைட்டி காரியதரிசி, காந்தலூரில் பூண்டு பயிரிடும் ஒருவர் என்று மொத்தம் ஒன்பது பேர். அவரவர் ஊர் மழையை அளந்து அனுப்புவோம். கோவையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அளவுகளை அட்டையில் துளை போட்டுக் கொடுத்தால் அட்டவணையாக அச்சடித்துத் தரும். அதற்கான புரோகிராமை எழுதியவன் அடியேன். யார் கேட்டாலும் அதற்கு நகல் கொடுப்போம். யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். அதற்கென்றே ஒரு நோட்டு தபாலில் ஊர் ஊராகச் சுற்றும். ஆளுக்கு ஒரு பக்கம்.

'யார் வேண்டுமானாலும்'... எழுதும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது!

சில மாதங்களுக்கு முன் பேச்சியம்மாள் தன் பக்கத்தில் எழுதியிருந்தார். எங்கள் ஒன்பது பேரில் ஒருவர்; மூணாறுப் பக்கம் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 'ஆடி மாதம் எங்கள் ஊரில் ஏழு நாள் மழையே இல்லை என்கிறது அட்டவணை. அது தப்பு. புரோகிராமைப் பார்க்கவும்.'

என் புரோகிராமிலா தப்பு? சிவப்பு மையை எடுத்தேன். 'மழை அளப்பவர்கள் அளந்தால் போதும். கணக்கைக் கணக்குத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.' கீழே பால் சொசைட்டிக்காரர், 'அப்படிப் போடுங்க சார்!' என்று எழுதினார். இன்னும் இரண்டு பேர் 'ஹஹ்ஹா' போட்டார்கள்.

அடுத்த சுற்றில் பேச்சியம்மாளின் பக்கம் காலி. எனக்குத் திருப்தி. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அந்த எஸ்டேட்டின் புது மேனேஜரிடமிருந்தே ஒரு கடிதம். ஆடியிலேயே ஏழு நாள் மழை இல்லை என்ற எங்கள் அட்டவணையை நம்பி, தொழிலாளர்களுக்குப் புது லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, ஓடைக்கரையிலேயே கட்டப் போகிறார்களாம். நன்றி வேறு! பெருமை தாங்காமல் பழைய அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். அந்த ஏழு நாளுக்கான கட்டங்களில் ஒரு துளைகூட இல்லை. காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் சைபர் என்றுதான் படிக்கும். இதை நானே வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன்!

கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எழுதினதை எங்கிட்ட வாசிச்சுக் காட்டிச் சிரிச்சேளே, நான் சிரிச்சேனோ?"

"இல்லையே..."

"அதைக் கவனிச்சேளா? நேரே போய் மாப்பு கேட்டுட்டு வாங்கோ."

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கினேன். பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மழைமானியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டிலிருந்து வருகிறேன் என்றேன்.

"நீங்கதானா சார் அந்தச் செவப்பு மை?"

ஆமாம் என்றேன். அந்த ஏழு நாள் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"மழமானிய ஓடைத் தண்ணி அடிச்சிட்டுப் போயிருச்சு. எத வச்சு அளக்க? மூணு லயம் சரிஞ்சு ஆளுகள இழுத்து வெளிய போட்டுக்கிட்டுக் கெடந்தோம். அந்த நாளுக்கு நேரா நீங்க சைபர் போட்டிருக்கீக."

"இதை விவரமா எழுதியிருக்கலாமே?" வாய் சும்மா இருக்குமா எனக்கு?

"ஒரு வரி எழுதுனதுக்கே நாலு பேரு சிரிச்சீக. ரெண்டாவது வரிய எப்படி எழுத?"

மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன்.

"கிழிக்காதீக சார். கிழிச்சா அதுவும் சைபராயிரும். எல்லாரும் படிச்ச எடத்துலயே எழுதுங்க."

இருவருமாக மேனேஜரைப் பார்த்தோம். பேச்சு முழுக்கப் பேச்சியம்மாளுடையது. அட்டவணை தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான் என் வேலை. நல்ல வேளை, அஸ்திவாரம் இன்னும் தோண்டவில்லை. லயங்களை மேட்டுக்கு மாற்ற மேனேஜர் சம்மதித்தார்.

ஊர் திரும்பியதும் புரோகிராமை மாற்றினேன். காலிக் கட்டம் வந்தால் இனி 'அளக்கவில்லை' என்று தனியாகக் காட்டும். புரோகிராமின் முதல் அட்டையில் 'தப்பைக் கண்டுபிடித்தவர்: பேச்சியம்மாள்' என்று சேர்த்தேன். நோட்டில் என் பழைய வரிகளுக்குக் கீழே, அதே சிவப்பு மையில், நான் செய்தது தப்பு என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். அப்போது பிடித்தது இந்த வாசல் ஓட்டம்.

நேற்று நோட்டு வந்தது. பால் சொசைட்டிக்காரர், 'கூடச் சேர்ந்து சிரிச்சது என் தப்புத்தானுங்க' என்று எழுதியிருக்கிறார். பேச்சியம்மாளின் பக்கம் நிரம்பி வழிகிறது. என் புரோகிராமில் இன்னும் நாலு தப்பாம்! இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

பக்கத்தைப் புரட்டினேன். காந்தலூர்க்காரர் ஒன்றும் எழுதவில்லை. முந்தைய சுற்றைப் பார்த்தேன் – அதிலும் காலி. அதற்கு முந்தையதும் காலி. இத்தனை நாள் இதை 'ஆட்சேபணை இல்லை' என்றல்லவா படித்திருக்கிறேன்?

காந்தலூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று யாருக்காவது தெரியுமா?