மிரரில் இல்லாத குரல்

திருவட்டாறு ஆபேலுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. பத்திரம் எழுதுகிறவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது பிழைப்பு. அடித்ததை அவருடைய பழைய லேப்டாப் ஒரு பெண்குரலில் திரும்ப வாசிக்கும். சர்வே நம்பரில் ஒரு எண் பிசகினாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். மனைவி ஜெனிலா அதற்கு வைத்த பெயர் சக்களத்தி.

போன வாரம் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. கடையில் வேறு மாட்டி, லினக்ஸும் ஏற்றித் தந்தார்கள். சக்களத்தி மட்டும் வரவில்லை. புதிய குரல்கள் எதுவும் அந்தக் கிழட்டு மெஷினில் ஓடாது.

"போன்ல ஒருத்தி பேசுதாளே, அவ போராதா?" என்றாள் ஜெனிலா.

"ஏட்டி, வழுக்குத கண்ணாடில விரல வச்சு முப்பது பக்கம் நீ அடிப்பியா?"

சக்களத்தியும் லினக்ஸில் இறக்கி ஏற்றிக்கொள்ளும் ஒரு பேக்கேஜ்தான். அந்தப் பேக்கேஜ்களைப் பல கல்லூரிகள் தாய் சர்வரிலிருந்து தங்கள் சர்வரில் அப்படியே பிரதி எடுத்து வைத்திருக்கும். மிரர் என்பார்கள். யாரும் உள்ளே போய் ஃபைல் ஃபைலாகப் பார்க்கலாம். ஆபேல் சொல்லச் சொல்ல, ஜெனிலா தன் போனில் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"முதல்ல பேரு, பொறவு வெர்ஷன், வாலுல எந்த மெஷினுக்குன்னு இருக்கும். நமக்கு ஐ த்ரீ எய்ட்டி சிக்ஸ், பழைய மெஷினுக்குள்ளது."

"ஏ. எம். டி. அறுபத்து. நாலு," என்று சக்களத்தியைப் போலவே மூக்கால் வாசித்தாள் அவள். ஆபேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சிரிக்க எதுவும் இல்லை. தாய் சர்வரில் பழைய மெஷின்களுக்கான ஃபைல்களையே எடுத்துவிட்டிருந்தார்கள். அங்கே போனது எல்லா மிரரிலும் போயிருந்தது.

"அஞ்சுகிராமம் பக்கத்து காலேஜ் ஒண்ணு உண்டு. அங்க ரெண்டு வருசமா யாரும் எதையும் தொடல. அதுல கெடக்கும்," என்றார் ஆபேல்.

அதிலும் இல்லை. அந்தக் காலேஜில் லேப் பொறுப்பில் இருந்த ஸ்டெனியைப் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, ஓணத்துக்கு முன்ன கூப்பிட்டு ஏசினது நீங்கதானே? 'ஏலே, உனக்க மிரர் கெழடு தட்டிக் கெடக்கு, இதெல்லாம் ஒரு மிரரா'ன்னு? அண்ணைக்கே தாய் சர்வரோட ஒப்பாக்கிட்டேன். அங்க இல்லாததயெல்லாம் அதுவே அழிச்சிட்டு."

"பேக்கப்பு?"

"மிரருக்கு எவன் பேக்கப்பு எடுக்கான்?"

ஆபேல் போனைக் கீழே வைத்தார். ஏசியது நன்றாக நினைவிருந்தது. அன்று சக்களத்தியின் குரலில்தான் ஃபைல் தேதிகளைக் கேட்டு, பழசு என்று கண்டுபிடித்திருந்தார்.

மறுநாள் காலை ஒரு கிரயப் பத்திரம் கொடுத்தாக வேண்டியிருந்தது. முந்திரி உடைக்கிற அண்டியாபீஸுக்குத் தன்னை ஏற்றிப்போகும் வேன் வருவதற்குள் ஜெனிலா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் அடித்து வைத்திருந்ததைத் திரையில் பார்த்து வாசித்தாள். அதே மூக்குக் குரல்.

"கிழக்கே. சத்தியராஜ். பெயரிலுள்ள. ரப்பர். தோட்டம்."

"இன்னும் வேகமா," என்றார் ஆபேல், பழக்கத்தில்.

"என்னால இவ்வளவுதான் முடியும்." சொந்தக் குரலில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். "தெற்கே. சர்வே. எண். நானூற்றி—"

வெளியே வேன் ஹாரன் அடித்தது. பிறகு மறுபடியும். நாற்காலி நகர்ந்தது, செருப்புச் சத்தம் வாசல்வரை போனது.

"மீதிய சாயங்காலம் பாக்கலாம்."

"காலைலயே கேட்டிருக்காவ, ஜெனிலா."

வேன் கிளம்பிவிட்டது. ஆபேல் விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி இருந்தார். நானூற்றிக்கு மேல் என்ன அடித்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியவில்லை.