ஆயில் பார்க்க ஒரு சமதளம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கண் சர்க்கரையில் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் புரை. அதற்கு ஆபரேஷன் செய்ய இரண்டு மாதம் காத்திருந்து மதுரையில் தேதி வாங்கியிருந்தோம். காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் பெருமாள்மலை ஏற்றத்தில் எங்கள் காரில் ஆயில் குறைவைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

மெக்கானிக் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போயிருந்தார். நாயுடுபுரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும் அவரோடு சேர்ந்து போய்விட்டார்கள். முருகன் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. அன்று கொஞ்சம் வந்தது.

"நீயே மாத்து, நான் சொல்றேன்" என்றார் இவர். ஆயிலையும் ஃபில்டரையும் இத்தனை வருடமும் வாசலிலேயே மாற்றி வந்தவர். புது ஃபில்டரும் ஆயில் கேனும் அவர் கண் தெரிந்த காலத்தில் வாங்கி வைத்ததுதான்.

எங்கள் வாசல் சரிவு. நாலு சக்கரத்துக்கும் கல் வைத்தேன். பக்கத்து வடிகாலுக்குள் இறங்கி நின்றால் வண்டிக்கு அடியில் உள்ள போல்ட் கைக்கு எட்டும். அதைக் கழற்றிப் பழைய ஆயிலை ஒரு டப்பில் பிடித்து, மறுபடி முடுக்கினேன். அடுத்து ஃபில்டர். எங்கள் வண்டியில் அது முழுசாகக் கழற்றி எறிகிற தகர டப்பா இல்லை. பிளாஸ்டிக் மூடியைத் திருகினால் உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு காகித உருளை இருக்கும். அதையும் மூடியின் ரப்பர் வளையத்தையும் மட்டும் மாற்ற வேண்டும்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து விசாரணை நடத்தினார்.

"பழைய வளையத்த எடுத்தியா?"

"எடுத்தேன்."

"புதுசுல ஆயில் தடவுனியா?"

"தடவுனேன்."

"பொய் சொல்லாத."

"கண்ணுதான் தெரியல, வாய்க்கு ஒரு குறையுமில்ல" என்றேன். தடவவில்லைதான். மறுபடி கழற்றித் தடவினேன்.

புது ஆயில் ஊற்றும்போது கேன் கைவழுக்கி வடிகாலில் சாய்ந்தது. எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே போனது, தெரியாது. எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டையும் தாண்டி நின்றது.

"சரிவுல கம்பி பொய் சொல்லும். சமமான இடத்துக்குக் கொண்டு போயிப் பாரு" என்றார்.

மலையில் சமமான இடத்துக்கு எங்கே போக? எங்கள் தெருவில் அது ஒன்றே ஒன்று: பக்கத்து வீட்டு பாயின் சிமெண்டுத் தளம். பாய் பஜாரில் பூண்டு வியாபாரம் செய்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் வேன் நிறுத்துவதற்காகப் பள்ளத்தில் மண்ணை ரொப்பி அந்தத் தளத்தைப் போட்டார். இவர் ஓவர்சியராக இருந்து ரிட்டையர் ஆனவர், சும்மா இருப்பாரா? சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ரொப்புன மண்ணு, அடுத்த மழையில இறங்கிரும்" என்றார். "உங்க சோலியப் பாருங்க சார்" என்றார் பாய். அன்றோடு பேச்சு நின்றது. நோன்புக் கஞ்சி வருவதும் நின்றது.

நான் சாவியை எடுத்தேன்.

"அங்கயா போற?"

"அங்கதான். உங்களுக்குக் கண்ணு வேணுமா, வீம்பு வேணுமா?"

"சக்கரத்துக் கல்ல எடுத்துட்டுப் போ" என்றார்.

பாய் விஷயத்தைக் கேட்டதும் வேனை வெளியே எடுத்துவிட்டு, "ஏத்துங்க டீச்சர்" என்றார். ஏற்றினேன். பத்து நிமிடம் பொறுத்துக் கம்பியைத் தொடப் போனபோது அவர் தொண்டையைக் கனைத்தார்.

"இதையும் நம்பாதீங்க டீச்சர். உங்க சுவரு பக்கமா மூணு இஞ்சு இறங்கிக் கெடக்கு."

உள்ளே போய் இரண்டு பலகையும் கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டமும் கொண்டுவந்தார். பூண்டு வியாபாரி வீட்டில் ரசமட்டத்துக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றினோம். குமிழி நடுவுக்கு வந்தது. மறுபடி காத்திருந்து கம்பியை உருவினால், ஆயில் கீழ்க் கோட்டைக்கூடத் தொடவில்லை. அப்படியே மலை இறங்கியிருந்தால் பாதி வழியில் எஞ்சின் போயிருக்கும். கேனில் மிச்சமிருந்ததை ஊற்றியதும் சரியாக வந்தது.

"சார்ட்ட சொல்லிராதீங்க" என்றார் பாய்.

"சொல்ல மாட்டேன் பாய்."

"வெள்ளனே கிளம்புங்க. வளைவுல மட்டும் வெரசாப் போகாதீங்க."

எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மதுரை போய்ச் சேர்ந்தோம். ஆபரேஷன் முடிந்தது. கட்டைப் பிரித்தபோது டாக்டர் எத்தனை விரல் என்று கேட்டார். இவர் சரியாகச் சொன்னார். விரல் எண்ணுவதெல்லாம் ஒரு பார்வையா? எனக்குப் பயம் போகவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கறுப்புக் கண்ணாடியோடு சுவரோரம் போய் நின்றார். அந்தப் பக்கம் பாய் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரெல்லாம் எங்கள் சுவரைப் பார்த்து ஓடி வந்தது. பாய் குழாயை மூடினார். இவர் தளத்தையே பார்த்தபடி நின்றார்.

"பாய், தளம் கல்லு மாதிரி நிக்குது. அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். "அதெல்லாம் பரவால்லங்க சார்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

இவர் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு இஞ்சு இறங்கியிருக்கு" என்றார் மெதுவாக. "நல்லாத் தெரியுது."

காப்பி போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் நின்று அழுதேன்.