புஷ்பா ஒப்படைத்த துப்பாக்கி

கந்தப்பளையிலிருந்து புஷ்பாவின் கணவர் பேசியபோது, நான் நுவரெலியா மரக்கறிச் சந்தை வாசலில் கடமையில் இருந்தேன். அவள் நோயில் படுத்த ஆறு மாதமாகவே, அவர் பெயர் கைபேசியில் தெரிந்தால் நான் உடனே எடுப்பதில்லை. அன்று அவர் அதிகம் பேசவில்லை. “புஷ்பா போயிட்டா தங்கச்சி” என்றார்.

நானும் அவளும் ஒரே நாளில் பொலிஸில் சேர்ந்தவர்கள். இருவரும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த பிள்ளைகள். அவளோடு வேலை பார்த்து, இன்று அவளை நினைக்கக் கூடியிருக்கும் உங்களுக்கு அவளது சிரிப்புத்தான் முதலில் நினைவுக்கு வரும். எனக்கு அவளது கை நினைவுக்கு வருகிறது.

எங்களுக்குச் சிறிய கைத்துப்பாக்கி கொடுத்த புதிதில், சுடும் பயிற்சியில் என்னுடையது திரும்பத் திரும்பச் சிக்கியது. தேறாவிட்டால் ஆயுதக் கடமை கிடையாது. துப்பாக்கியை மாற்றித் தரும்படி கேட்கக் கிளம்பினேன். புஷ்பா அதை வாங்கி ஐந்து முறை சுட்டாள்; ஒருமுறையும் சிக்கவில்லை.

“துப்பாக்கிக்கு ஒண்ணுமில்ல புள்ள. சின்னது, பாரமில்ல. நீ தொளதொளன்னு புடிச்சா அது ஒங் கையோட சேந்து பின்னுக்கு வருது. மேல்பாகம் முழுசா ஓடாது. சுட்ட தோட்டாவோட வெறுங்கோது வெளிய விழாம மாட்டிக்கிது. மணிக்கட்ட அசையாம நிறுத்து.”

நிறுத்தினேன், தேறினேன்.

சென்ற வருடம் அதே பயிற்சி மைதானத்தில் அவளது துப்பாக்கி சிக்கியது. இரண்டாம் தடவையும் சிக்கியது. நான் வாங்கிச் சுட்டேன். ஐந்தும் சுத்தமாகப் போயின. பழுது துப்பாக்கியில் இல்லை என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. “தோட்டா பழசாயிருக்கும்” என்று மழுப்பினேன். அவள் தன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில வாரங்களாக அவள் தேநீர்க் கோப்பையை இரு கையாலும் பிடிப்பதைக் கண்டும் நான் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள், கொலை வழக்கொன்றில் சாட்சி சொல்ல வேண்டிய தோட்டத்துப் பெண்ணொருத்தியை நாங்கள் இருவரும் நீதிமன்றத்துக்கு அழைத்துப்போவதாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு மிரட்டல் வந்திருந்தது.

“ஒரு நாள்தானே. நான் பக்கத்துல இருக்கேன். இப்ப சொன்னா ஒன்னய மேசை வேலையில உக்கார வச்சிருவாங்க” என்று கெஞ்சினேன்.

“அந்தப் பொம்பள நம்மள நம்பித்தான் வண்டியில ஏறுது. எங் கை நிக்காதுன்னு தெரிஞ்சிக்கிட்டு நான் எப்புடி ஏறுவேன்?”

அன்று மாலையே துப்பாக்கியைப் பொறுப்பதிகாரியிடம் ஒப்படைத்தாள். துப்பாக்கியில் பழுதா என்று அவர் கேட்டதற்கு, இல்லை சேர், கையில்தான் என்று சிங்களத்தில் சொன்னாள். வெளியே வந்து சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை.

மறுநாள் நான் வேறொருவரோடு போனேன். ஹட்டன் பாதையில் மூடுபனி. ஒரு லொறி குறுக்கே நின்றதைக் கண்டதும் என் கை துப்பாக்கி உறைக்குப் போனது. சாரதி டயர் மாற்றிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்தப் பெண் சாட்சி சொல்லி முடித்தாள். திரும்பியபோது புஷ்பா பொலிஸ் நிலைய வாசலில் நின்றாள். “அந்தப் பொம்பள சாப்புட்டுச்சா?” என்றுதான் கேட்டாள்.

நரம்பு நோய் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். கையில் தொடங்கியது மூச்சுவரை போனது.

அவளை அடக்கம் செய்த அடுத்த வாரப் பயிற்சியில் என் துப்பாக்கி ஒருமுறை சிக்கியது. யாரும் கவனிக்கவில்லை. சிக்கிய கோதைத் தட்டி எடுத்தேன். பிறகு அதிகாரியிடம் போய், துப்பாக்கியைப் பார்க்கும் முன் என் கையைப் பாருங்கள் என்றேன். என் கைக்கும் அதுதானோ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அதைச் சொல்ல வந்த தைரியம் புஷ்பாவுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.