ஒரு எட்டு

எலப்புள்ளிப் பக்கத்து ஃபவுண்டரி ஒன்றில், வார்த்த இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியிலிருந்து கதிரியக்கத் துண்டு ஒன்று கழன்று மூலையில் கிடந்திருக்கிறது. மாத்திரை அளவுதான். தெரியாமல் பலர் அதனருகே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். யார் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கிட வந்த பெண் அதிகாரிக்கு மலையாளம்தான் தெரியும். தொழிலாளிகளுக்குக் கொங்குத் தமிழ். நடுவில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு பாஷையும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று பாலக்காடு முழுக்கப் பரப்பியிருந்தவன் நானேதான்.

எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம்: அதிகாரிக்கு வேண்டியது இவ்வளவுதான். தூரம் பாதியானால் டோஸ் நாலு மடங்காகும் என்று முதலிலேயே எச்சரித்திருந்தார்.

தரை கூட்டும் அம்மா சொன்னார்: "அந்த மூலைக்கு ஒரு எட்டு தள்ளித்தானுங்க உக்காந்து சோறு திம்பேன். அங்கதான் காத்து வருமுங்க."

"எட்டடி" என்று கம்பீரமாக மலையாளத்தில் சொன்னேன். அதிகாரி கணினியில் தட்டினார். பயமில்லை, இது யாருக்கும் ஒட்டாது, ரத்தப் பரிசோதனை வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன்.

"உங்க வாய்க்குச் சக்கரை போடோணுமுங்க" என்று அந்த அம்மா கும்பிட்டார்.

மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியிடம், "கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வரேன்" என்றேன். வலது கால் செருப்பு பாதியில் நின்றது. எட்டு என்றால் காலடி. ஒரு எட்டு என்றால் ஒரே ஒரு காலடி. தினமும் நான் சொல்லும் சொல்.

அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, டோஸ் பத்து மடங்குக்குப் பக்கம் வருகிறது, இன்றைக்கே ரத்தம் எடுக்க வேண்டும், வண்டி அனுப்புகிறேன் என்றார்.

வண்டியோடு நானும் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: "அப்ப நான் தப்பாச் சொல்லிட்டனுங்களா?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"எந்த எட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க." வண்டியைப் பார்த்துக்கொண்டே, "உசுருக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றேன். இந்த முறை ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அவர் பின் சீட்டில் ஏறினார். நான் முன்னால் ஏறிக்கொண்டேன்.

"பக்கத்துலயே உக்காருங்க. இது ஒட்டாதுன்னு நேத்து நீங்கதானுங்களே சொன்னீங்க?"

பயத்தால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு எதனால் என்றும் சொல்ல வேண்டிவரும். இறங்கி, பின்னால் போய் உட்கார்ந்தேன்.